ஜக்கில் எவ்வளவு பிராந்தி?

ஏப்ரல் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் நலம். உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்க நின்றுகொண்டே பார்க்கிற வேலை உன்னுடையது. செருப்பையாவது நல்லதாக வாங்கிப் போடு.

போன் இருக்கும்போது அக்கா ஏன் கடிதம் போடுகிறாள் என்று விழிப்பாய். இங்கே போன் கூடத்தில் இருக்கிறது. தையல் மிஷினும் அங்கேதான் ஓடுகிறது. நீ பேசுவது ஒன்று, என் காதில் விழுவது வேறொன்று. கடிதம்தான் சௌகரியம். பதிலை வீட்டுக்கு அனுப்பாதே, கீழே தபால் பெட்டியின் பூட்டு சரியில்லை. நான் நூலும் பொத்தானும் வாங்குகிற கடையின் முகவரியை உறைக்குப் பின்னால் எழுதியிருக்கிறேன். அங்கே அனுப்பு.

விஷயம் இதுதான். இந்த வருஷம் வெயில் முன்னதாகவே வந்துவிட்டது. உடைக்கு அளவு கொடுக்க வருகிற பெண்கள் பால்கனியில் உட்கார்ந்து விசிறிக்கொள்கிறார்கள். அவர்களுக்குப் பகலில் கொடுக்கிற மாதிரி ஒரு பானம் சொல்லேன். நல்ல காரமாக இருக்க வேண்டும். மது இருக்கலாம், ஆனால் பேருக்குத்தான். தலை சுற்றக் கூடாது, குடித்தோம் என்ற திருப்தியும் இருக்க வேண்டும். ஓட்டல் நீச்சல் குளத்தருகே நீ பகலெல்லாம் கலக்கிக் கொடுப்பது இதைத்தானே?

மாமா லீவில் வீட்டில் இருக்கிறார். வேறு விசேஷம் இல்லை.

உன் அக்கா


ஏப்ரல் 13

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். முதுகு அப்படியேதான். அது என்னை விட்டாலும் நான் அதை விடமாட்டேன் போலிருக்கிறது.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எழுத்து உன்னுடையதுதானா என்று சந்தேகம். நான் பாரில் வேலைக்குச் சேர்ந்தபோது மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத அக்காவா இப்போது பானம் கேட்கிறாள்? எப்படியோ, கேட்டாயே. சந்தோஷம். எழுதிக்கொள்.

முதலில் மிளகாய்ப் பாகு. சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு. சர்க்கரை கரைந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, சிவப்பு மிளகாய் இரண்டை நீளவாக்கில் கீறிப் போடு. ஊற ஊறச் சுவைத்துப் பார். நாக்கு ‘போதும்’ என்றதும் வடிகட்டிவிடு. விதையைத் தட்டிவிட்டால் காரம் குறைந்துவிடும் என்று நினைக்காதே. உள்ளே விதை ஒட்டியிருக்கிற வெளுத்த நரம்பு இருக்கிறதே, காரம் அதில்தான். உயரமான கிளாஸில் ஐஸை நிறையப் போடு. கஞ்சத்தனம் பண்ணினால்தான் அது சீக்கிரம் உருகிப் பானம் தண்ணீராகும். எலுமிச்சைச் சாறு, பாகு, அதற்கு மேல் வெள்ளை ஒயின் விரல் அகலத்துக்கு. மெல்லச் சீவிய வெள்ளரிக்காய், ஒரு சிட்டிகை உப்பு, கிளாஸ் நிறையச் சோடா. முதல் வாயில் குளிரும், இரண்டாம் வாயில் காரம் வந்து கதவைத் தட்டும். வெயில் நேரத்தில் இங்கே எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள்.

ஒன்று மட்டும் புரியவில்லை. மாமாவுக்கு லீவா? கப்பல்கள் வரிசைகட்டி நிற்கிற மாதத்தில், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவருக்கு லீவு கொடுத்த மகராசன் யார்?

அன்புடன்
தம்பி


ஏப்ரல் 28

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். அங்கே காற்று அதிகம் என்று வானொலியில் சொன்னார்கள். படகுப் பயணம் எதுவும் வைத்துக்கொள்ளாதே.

நீ சொன்னபடியே செய்தேன். எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு, “இது என்ன, வெள்ளரிக்கா கழுவின தண்ணியா?” என்று கேட்டாயிற்று. அதனால் வெள்ளரி வேண்டாம். ஒயினும் வேண்டாம், பிராந்தி வைத்துச் சொல். நிறம் பழுப்பாக இருக்க வேண்டும். கிளாஸை வாயருகே கொண்டுபோகும்போதே பிராந்தி வாசனை வர வேண்டும். தொண்டையில் பிடித்து இறங்க வேண்டும். பிராந்தி கொஞ்சம்தான் இருக்க வேண்டும், ஆனால் நிறைய இருக்கிற மாதிரித் தெரிய வேண்டும். முடியுமா?

சீக்கிரம் எழுது. பொத்தான் கடைக்காரர் நல்லவர், எடுத்து வைத்திருப்பார்.

உன் அக்கா


மே 7

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இங்கே வெயிலில் நீச்சல் குளமே வெந்நீர்த் தொட்டியாகிவிட்டது.

உன்னிடம் தைக்க வருகிற பெண்களைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த இடத்தில் பிராந்தி வாசனை போதவில்லை என்று ஒருத்தி குறைப்படுகிறாள் என்றால், டேப்பைப் பிடிக்கும்போது நீதான் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும்.

முடியும் அக்கா. இது எங்கள் தொழிலில் உள்ள சங்கதிதான். நிறத்துக்குப் பால் சேர்க்காத கடுந்தேநீரை ஆறவைத்து ஊற்று. நாக்கை இழுத்துப் பிடிக்கிற அந்தத் துவர்ப்பும் அதிலேயே கிடைத்துவிடும். எரிச்சலுக்கு ஒரே பொருளை நம்பாதே. இஞ்சிச் சாறு நாக்கில் சுள்ளென்று அடிக்கும். மிளகாய் மெதுவாக வந்து தொண்டையைப் பிடிக்கும். இடித்த மிளகு நெஞ்சுவரை சூட்டைக் கொண்டுபோகும். மூன்றும் சேர்ந்தால் பிராந்தி போகிற வழியிலேயே போகும். வாசனைக்குப் பிராந்தியை விரலில் தொட்டுக் கிளாஸின் உள்விளிம்பில் தடவிவிடு. வாய்க்கு முன்னால் போவது மூக்குதானே, அது ஏமாந்தால் மற்றதெல்லாம் தானாக ஏமாறும்.

மாமா லீவைப் பற்றிக் கேட்டிருந்தேன். நீ எழுத மறந்துவிட்டாய்.

தம்பி


மே 25

தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். கையில் நிறையத் தையல், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

தேநீர் யோசனை நன்றாக வேலை செய்கிறது. காலையிலேயே ஒரு கண்ணாடி ஜக்கில் கலக்கிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுகிறேன். மத்தியானத்துக்குள் நன்றாகச் சேர்ந்துவிடுகிறது. இப்போது ஒரு சந்தேகம். ஜக்கில் ஊற்றுகிற பிராந்தியை வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தால் குடிக்கிறவருக்குத் தெரியுமா? எவ்வளவு குறைத்தால் தெரியாது? உனக்கு அனுபவம் உண்டு, ஒளிக்காமல் எழுது.

மிளகாயால் வயிற்றுக்குக் கெடுதல் உண்டா என்பதையும் எழுது.

அக்கா


ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று இந்தத் தடவை சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

முதல் கடிதத்தில் ‘பெண்கள்’ என்றாய். பிறகு ‘அவர்கள்’ ஆனது. இப்போது ‘குடிக்கிறவர்’ என்று ஒற்றை ஆளாகிவிட்டது. காலையிலேயே ஜக் நிறையக் கலக்குகிறாய். வீட்டுக்குக் கடிதம் வரக் கூடாது என்கிறாய். போனில் பேசமாட்டேன் என்கிறாய். இதையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒன்றுதான் தோன்றுகிறது. அதை எழுதவே கை வரவில்லை, இருந்தாலும் கேட்டுவிடுகிறேன். அக்கா, நீ குடிக்கிறாயா? உன்னை நீயே ஏமாற்றிக் குறைத்துக்கொள்ளத்தான் இத்தனை வித்தை கேட்கிறாயா?

அப்படியென்றால் வெட்கப்படாதே. தினமும் இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், உன்னைக் கேவலமாக நினைக்கமாட்டேன். மாமாவுக்குத் தெரியுமா?

உடனே எழுது.

தம்பி


ஜூன் 21

அன்புள்ள மச்சானுக்கு,

மாமா எழுதுகிறேன். நான் உனக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். நீ சுகமா? உன் அக்கா சுகம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன், சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. உன் அக்கா தினமும் மத்தியானம் எனக்கு ஒரு பானம் கலந்து கொடுக்கிறாள். பிராந்தி என்கிறாள். கிளாஸ் விளிம்பில் மணக்கிற அளவுக்குப் பிராந்தி கிளாஸுக்குள் இல்லை என்று முதல் வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. இருபது வருஷம் குடித்த நாக்கு இது. விளிம்பில் தடவுகிற வித்தையை அவளாகக் கண்டுபிடித்திருக்க முடியாது. அது உன் கைவரிசைதான். கோபம் ஒன்றும் இல்லை.

எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. சொல்லிவிடலாம் என்றால், சொன்ன அன்றே அவள் கலக்குவதை நிறுத்திவிடுவாள். நிறுத்தினால் நான் பழையபடி பாட்டிலை எடுத்துவிடுவேன். சொல்லாமல் இருக்கலாம் என்றால், கிளாஸை நீட்டிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். “எப்படி இருக்கு?” என்று கேட்கிறாள். “ஸ்ட்ராங்கா இருக்கும்மா” என்கிறேன். உடனே அவள் முகத்தில் ஒரு நிம்மதி வருகிறது. இது நல்லதா கெட்டதா என்று எனக்குப் பிடிபடவில்லை. நீ என்ன நினைக்கிறாய்?

இன்னொன்று. அந்த மிளகாய்ப் பாகை எப்படிக் காய்ச்சுவது என்று எழுது. எனக்கு எதற்கு என்று கேட்காதே.

நாலைந்து நாளாகக் காலையில் கை நடுங்குகிறது. கோப்பையைத் தூக்கினால் காபி தளும்புகிறது. உட்கார்ந்த இடத்திலேயே சட்டை நனைகிற அளவுக்கு வேர்க்கிறது. எல்லாம் வெயில்தான். உன் அக்காவிடம் சொல்லவில்லை, அவள் பயந்துவிடுவாள். பதிலைத் துறைமுகக் கேண்டீன் முகவரிக்கு அனுப்பு. நான் வேலைக்குப் போவதில்லை, இருந்தாலும் அங்கே எனக்காக வாங்கி வைப்பார்கள்.

இப்படிக்கு
மாமா


ஜூன் 29

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

இதை வீட்டு முகவரிக்கே அனுப்புகிறேன். பூட்டு எப்படி இருந்தாலும் சரி.

இன்று காலை போனில் நான் கத்தியது உங்கள் இருவருக்கும் என்னவென்று விளங்கியிருக்குமா தெரியவில்லை. கடைசியில் இணைப்பும் அறுந்துவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன். மாமாவின் கடிதம் காலையில்தான் கைக்குக் கிடைத்தது. நடுக்கம், வேர்வை என்று படித்ததும் இது வெயில் இல்லை என்று தோன்றியது. இங்கே முதலுதவி அறையில் இருக்கிற நர்ஸ் அம்மாவிடம் போய், “வழக்கமா நிறையக் குடிக்கிறவரு குறைச்சா நல்லதுதானேம்மா?” என்று கேட்டேன். அவர் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டார். “டாக்டர் பார்க்காம, மருந்து இல்லாம குறைச்சாரா? கை நடுங்குதா? வலிப்பு வரும் தம்பி. உயிருக்கே ஆபத்தாகலாம். இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லு” என்றார்.

நான் ஓடிப்போய்ப் போன் செய்தால் மாமா எடுக்கிறார். “கை எப்படி இருக்கு மாமா?” என்றேன். “எந்தக் கை?” என்றார். பின்னால் மிஷின் நின்றது. “யாருங்க?” என்று அக்கா கேட்பது காதில் விழுந்தது. “ராங் நம்பர்” என்று மாமா சொன்னார். அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. “ரெண்டு பேரும் ஒரே ரிசீவர்ல காதை வைங்க!” என்று கத்தினேன். பாரில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜக், தேநீர், விளிம்பு, மாமாவுக்குத் தெரியும் என்பது, நர்ஸ் சொன்னது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்று எனக்கே நினைவில்லை. பிறகு லைன் போய்விட்டது. மறுபடி சுழற்றினால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா? ஒரு வரி போதும். காரம் போடு, தேநீர் ஊற்று என்று நான்தானே எழுதிக் கொடுத்தேன். யாருக்கு என்று தெரியாமல் கொடுத்தேன்.

தம்பி


ஜூலை 20

தம்பிக்கு,

உன் மாமா நலம். இந்த வார்த்தையை இந்தத் தடவை யோசித்துத்தான் எழுதுகிறேன். நீ தினமும் போன் செய்தது தெரியும். எடுக்கக் கூடாது என்றுதான் எடுக்கவில்லை. எனக்கு உன்மேல் அவ்வளவு கோபம். அவர்மேலும்தான். என்மேல் எவ்வளவு என்று இன்னும் தெரியவில்லை.

அன்று ரிசீவரை வைத்ததும் நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். பிறகு அவர், “எனக்கு முதல் வாரமே தெரியும்” என்றார். எனக்குத் தலையிலிருந்து கால்வரை பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு மாதமாக அவரை ஏமாற்றுகிறோமே என்று நான் உறக்கம் இல்லாமல் கிடந்திருக்கிறேன். அவர் பக்கத்திலேயே என்னை ஏமாற்றிக்கொண்டு குறட்டை விட்டிருக்கிறார். “என்னைக் கூத்தாட விட்டு வேடிக்கை பார்த்தீங்களா?” என்று கேட்டேன். “நீ மட்டும் சிரிச்சுக்கிட்டே பொய் சொல்லலாமா?” என்றார். டாக்சியில் சண்டை, மாடிப்படியில் சண்டை, டாக்டர் அறை வாசல்வரை சண்டை.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “தினமும் எவ்வளவு குடிக்கிறீங்க?”

அவர் என்னைப் பார்த்தார். நான்தானே ஊற்றுகிறவள். “ஜக்குல கால் பாட்டில் ஊத்துவேன் டாக்டர்” என்றேன்.

“அதுல பாதி இருக்காது” என்றார் இவர். “சீக்கிரம் விட்டுடலாம்னு, இவ தைக்க உக்காந்ததும் நான் ஜக்கை எடுத்து சிங்க்ல கொஞ்சம் கொட்டிடுவேன். கொட்டின அளவுக்கு டீயும் பாகும் ஊத்தி வெச்சிடுவேன்.”

“என்னது!” என்றேன். பாகு எப்படி இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்று நான் தினமும் குழம்பினேனே, அது இதனால்தான். உன்னிடம் அவர் செய்முறை கேட்டதும் இதற்குத்தானாம். நான் காய்ச்சுவது தீர்ந்துபோனால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்திருக்கிறார்.

அது போகட்டும். நான் செய்த வேலையையும் கேள். மத்தியானம் சுவைத்துப் பார்க்கும்போது சில நாள் மரியாதைக்குக்கூடப் பிராந்தி வாசனை இருக்காது. ஐயோ, அதிகமாகக் குறைத்துவிட்டோம், கண்டுபிடித்துவிடுவார் என்று பயந்து கொஞ்சம் கூட்டி ஊற்றுவேன். அதையும் டாக்டரிடம் சொன்னேன்.

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். “நீங்க குறைச்சீங்க. அவரு இன்னும் குறைச்சாரு. நீங்க கூட்டினீங்க. அவரு அதையும் கொட்டினாரு. அப்ப உள்ள போனது எவ்வளவும்மா?”

ஒரு நாள் நிறைய, மறுநாள் ஒன்றுமே இல்லை என்று போயிருக்கிறது. அதில்தான் உடம்பு ஆடிப்போயிருக்கிறது. அன்றே படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் அவருக்கு நான் யாரென்று தெரியவில்லை. போர்வையில் கிரேன் கைப்பிடியைத் தேடிக்கொண்டிருந்தார். உடம்பு உதறிய உதறலில் இரும்புக்கட்டிலே அதிர்ந்தது தம்பி. நீ அன்று கத்தாமல் இருந்திருந்தால் இதெல்லாம் வீட்டில் நடந்திருக்கும். அது தெரிந்தும் கோபம் போகவில்லை.

லீவு விஷயத்தையும் கேட்டிருந்தாய். மார்ச்சில் ஒரு நாள் மத்தியானம் அவர் ஓட்டிய கிரேனில் சுமை ஊசலாடிவிட்டது. கீழே நின்றவன் தாவி விலகினான். யாருக்கும் அடி இல்லை. மேற்பார்வையாளர் ஏணியேறிப் போய்ப் பார்த்தால் பிராந்தி வாடை மூக்கிலேயே அடித்திருக்கிறது. கோடை முடியட்டும், பரிசோதனை செய்து பார்க்கலாம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உன்னிடம் எப்படிச் சொல்வது? நீ பாரில் சேர்ந்தபோது நான் பேசிய பேச்சு எனக்கு மறக்கவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

மாமா தேறியது கேட்டு மூச்சு வந்தது. உன் கோபம் உன்னிடமே இருக்கட்டும், அவசரம் இல்லை.

இங்கே எனக்கு வேலை ஓடவில்லை. கிளாஸை நீட்டுகிறவர்களின் கையைத்தான் முதலில் பார்க்கிறேன். நேற்று ஒருவருக்கு லேசாக நடுங்கியது. கொடுப்பதா வேண்டாமா என்று கிளாஸோடு நின்றுவிட்டேன். அவர், “என்னப்பா, குளிருது, கொடு” என்றார். அப்போதுதான் நீச்சல் குளத்திலிருந்து ஏறி வந்திருக்கிறார். இப்படி இருக்கிறது என் நிலை.

நான் வரட்டுமா? வந்தால் உதவியா, உபத்திரவமா? மாமாவைக் கேட்டு எழுது.

தம்பி


செப்டம்பர் 6

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நலம். அடுத்த மாதம் வா. மாமாதான் சொன்னார். “வரட்டும், ஆனா எதையும் கலக்கிக் கொடுக்கக் கூடாது” என்றார்.

பரிசோதனை முடிந்தது. ரத்தம் சுத்தம் என்று எழுதிவிட்டார்கள். ஆனால் கிரேன் கொடுக்கவில்லை. ஒரு வருஷம் போகட்டும் என்கிறார்கள். சாமான் கிடங்கில் போட்டிருக்கிறார்கள். மேலே ஏறி உட்கார்ந்தவருக்கு நிழலில் பெட்டி எண்ணுவது பிடிக்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போகிறார், தூக்கி வைத்துக்கொண்டே வருகிறார். இனி ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சரி என்றிருக்கிறார். அந்தச் சரியை நம்புவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் குளியலறையில் அதிக நேரம் இருந்தால் காதை வைத்துக் கேட்கிறேன். நான் சமையலறையில் அதிக நேரம் இருந்தால் அவர் எட்டிப் பார்க்கிறார்.

போன ஞாயிறு மத்தியானம் வெயில் கொளுத்தியது. “அந்தக் காரத் தண்ணி கலக்கேன்” என்றார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். “பிராந்தி இல்லாமத்தான்” என்றார். எழுந்து சமையலறைக்குப் போனேன். பின்னாலேயே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “என் கண்ணு முன்னாடி ஊத்து” என்றார். எனக்குச் சுருக்கென்றது. அதைக் கவனித்திருக்க வேண்டும், “நானும் உன் கண்ணு முன்னாடிதான் குடிப்பேன்” என்றார்.

எலுமிச்சையை அவர் பிழிந்தார். இஞ்சியை நான் தட்டினேன். தேநீர், பாகு என்று ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டிவிட்டு ஊற்றினேன். இரண்டு கிளாஸ். மாதக்கணக்கில் கலக்கினேனே தவிர, சுவை பார்க்க ஒரு கரண்டி நாக்கில் விட்டதோடு சரி, ஒரு கிளாஸ் நான் குடித்ததில்லை. அன்று உட்கார்ந்து ஒரே மடக்காகக் குடித்துவிட்டேன். நாக்கில் சுள்ளென்றது. பிறகு தொண்டை. பிறகு நெஞ்சு. இருமல் வந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. இருமல் நின்ற பிறகும் தண்ணீர் நிற்கவில்லை. அது பாட்டுக்கு வழிந்துகொண்டே இருந்தது. ஆஸ்பத்திரியில்கூட நான் அழவில்லை தம்பி.

அவர் பதறிப்போய்ச் சோடாவை எடுத்து என் கிளாஸில் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே, “காரமா, அழுகிறியா?” என்று கேட்டார்.

“எனக்கே தெரியலைங்க” என்றேன்.

கிளாஸ் நிறைந்து மேஜையில் வழிந்தது. அவர் ஊற்றுவதை நிறுத்தவில்லை. நானும் போதும் என்று சொல்லவில்லை.

உன் அக்கா